காரணம் தெரியுமுன் போட்ட பூட்டு: லினக்ஸ் 2.6.27 முன்னோட்டங்களும் முடங்கிய நெட்வொர்க் அட்டைகளும்

எடுத்துக்கொண்ட நிகழ்வு

2008ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரையிலான காலத்தில், லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலின் 2.6.27 பதிப்புக்கான முன்னோட்டங்களை நிறுவிப் பார்த்த சிலருடைய கணினிகளில், இன்டெல் நிறுவனத்தின் கிகாபிட் ஈதர்நெட் அட்டைகள் வேலை செய்யாமல் போயின. முன்னோட்டக் கர்னலில் வழு இருப்பதில் வியப்பு ஏதுமில்லை. வழுக்களைக் கண்டறிவதற்காகவே முன்னோட்டம் வெளியிடப்படுகிறது. ஆனால் வழக்கமான வழு, பழைய கர்னலுக்குத் திரும்பி ஒருமுறை மறுதொடக்கம் செய்தால் அகன்றுவிடும். இது அகலவில்லை. பழைய கர்னலிலும் அட்டை எழவில்லை. வேறு இயங்குதளத்தை ஏற்றிப் பார்த்தாலும் எழவில்லை. மென்பொருளில் நேர்ந்த தவறு வன்பொருளின் நிலையான நினைவில் போய்ப் பதிந்துவிட்டிருந்தது.

டிரைவர் (ஒரு வன்பொருளை இயக்கும் மென்பொருள்) பராமரிப்பில் ஈடுபடுவோருக்கு இந்த நிகழ்வு இரண்டு காரணங்களால் பயனுடையது. பழி முழுவதும் முதலில் விழுந்த டிரைவர், இறுதியில் குற்றவாளியாக இல்லை. அதேவேளை, உண்மைக் காரணம் தெரிவதற்கு முன்பே அந்த டிரைவரில் செய்யப்பட்ட ஒரு மாற்றம்தான் பயனர்களைக் காப்பாற்றியது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே இக்குறிப்பின் நோக்கம். இதில் ஈடுபட்டவர்கள் இங்கே பெயரால் சுட்டப்படவில்லை. அவரவர் வகித்த பொறுப்பு மட்டுமே சொல்லப்படுகிறது.

பின்னணி: அட்டைக்குள் இருக்கும் சிறிய நினைவு

பாதிக்கப்பட்டவை இன்டெலின் ஐசிஎச்8, ஐசிஎச்9 சிப்செட்டுகளோடு இணைந்து வரும் ஈதர்நெட் கட்டுப்படுத்திகள். அக்காலத்து மடிக்கணினிகளிலும் அலுவலக மேசைக் கணினிகளிலும் இவை பரவலாக இருந்தன. இத்தகைய ஒவ்வொரு கட்டுப்படுத்திக்கும் மின்சாரம் போனாலும் அழியாத ஒரு நினைவுப் பகுதி உண்டு. அதை என்விஎம் என்பார்கள். வலையமைப்பில் அட்டையை அடையாளம் காட்டும் மேக் முகவரி அதன் முதல் 3 சொற்களில் (ஒரு சொல் என்பது 16 பிட்) இருக்கும். கட்டுப்படுத்தி எந்த அமைப்போடு எழ வேண்டும் என்ற விவரங்கள் அதைத் தொடர்ந்து வரும். தனி அட்டைகளில் இதற்கென்று சிறிய தனிச் சிப் வைப்பது வழக்கம். ஐசிஎச் குடும்பத்திலோ, கணினியைத் தொடங்கிவைக்கும் பயாஸ் நிரல் குடியிருக்கும் அதே ஃபிளாஷ் சிப்பில் ஈதர்நெட்டுக்கென ஒரு பகுதி ஒதுக்கப்பட்டிருந்தது.

இந்த நினைவு கெட்டுப்போகாமல் இருக்கிறதா என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. முதல் 64 சொற்களையும், அதாவது 128 பைட்டுகளையும், 16 பிட் எண்களாகக் கூட்டினால் 47,802 வர வேண்டும். பதினறும எண் முறையில் எழுதினால் இந்த எண் 'பிஏபிஏ' என்று வரும். வடிவமைத்தவர்களுக்குக் கொஞ்சம் விளையாட்டுக் குணமும் இருந்திருக்கிறது. கூட்டுத்தொகை பொருந்தாவிட்டால் டிரைவர் அந்தக் கட்டுப்படுத்தியை ஏற்க மறுத்துவிடும். என்விஎம் சரிபார்ப்புத் தொகை செல்லாது என்ற ஒரு வரி கர்னல் பதிவில் வரும். அதன்பின் ஈதர்நெட் இடைமுகமே தோன்றாது.

டிரைவர் இந்த ஃபிளாஷ் பகுதியை அணுகும் முறையையும் இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் முழு நிகழ்வும் இதைச் சுற்றியே நடக்கிறது. பிசிஐ இணைப்பு வழியில் உள்ள சாதனம் தன் ரெஜிஸ்டர்களை, அதாவது தன்னைக் கட்டுப்படுத்தும் சிறு பதிவிடங்களை, நினைவக முகவரிகளாகக் காட்டும். டிரைவர் ஐஓரீமேப் என்ற செயற்கூறின் வழியாக அவற்றைக் கர்னலின் முகவரி வெளியில் பொருத்திக்கொள்ளும். அதன் பிறகு, சாதாரண நினைவகத்தில் எழுதுவது போலவே அந்த முகவரிகளிலும் எழுதலாம். ஆனால் அங்கே எழுதப்படும் எண், ஒரு மாறியில் போய் உட்காருவதில்லை. சாதனத்துக்கு இடப்படும் ஆணையாகிறது. ஃபிளாஷைப் படி, எழுது, அழி என்று சொல்லும் கட்டுப்பாட்டு ரெஜிஸ்டர்களும் இப்படிப் பொருத்தப்பட்ட முகவரிப் பகுதியான இந்தச் சன்னலுக்குள்ளேதான் இருந்தன. எனவே வழிதவறி வரும் ஓர் எழுத்து, பொருளற்ற குப்பையாக இருந்தாலும், அங்கே ஓர் ஆணையாகக் கொள்ளப்படக்கூடும்.

டிரைவரின் பெயர் இ1000இ. பழைய இ1000 டிரைவரிலிருந்து பிசிஐ எக்ஸ்பிரஸ் வகைக் கட்டுப்படுத்திகளைப் பிரித்தெடுத்து, 2.6.24 பதிப்பில் இது தனி டிரைவராகச் சேர்க்கப்பட்டது. ஆக, நிகழ்வு நடந்தபோது இதற்கு ஒரு வயதுகூட நிறைந்திருக்கவில்லை. சந்தேகம் இதன்மேல் விழுந்ததற்கு இந்த இளமையும் ஒரு காரணம்.

முதலில் தென்பட்டவை

2.6.26 பதிப்பு 2008 ஜூலை 13 அன்று வெளிவந்தது. அதைத் தொடர்ந்த இரண்டு வாரங்களில் புதிய மாற்றங்கள் ஆயிரக்கணக்கில் இணைக்கப்பட்டு, ஜூலை மாத இறுதியில் 2.6.27இன் முதல் முன்னோட்டம் வெளியானது. அந்த ஆண்டின் இலையுதிர்காலத்தில் வரவிருந்த பெரிய வழங்கல்கள் (லினக்ஸை நிறுவத்தக்க தொகுப்பாகத் தருபவை) பல, இந்தப் பதிப்பையே தங்கள் அடித்தளமாகத் தேர்ந்திருந்தன. ஓப்பன்சூசே 11.1, உபுண்டு 8.10, மாண்ட்ரிவா 2009 ஆகியவற்றின் சோதனைப் பதிப்புகளில் 2.6.27 முன்னோட்டக் கர்னல்கள் இருந்தன. இதனால், கர்னலைத் தாமே தொகுத்துப் பார்க்கும் வல்லுநர்களைத் தாண்டி, குறுவட்டை இறக்கி நிறுவிப் பார்க்கும் ஆர்வலர்களின் கைக்கும் அது போய்ச் சேர்ந்தது.

ஆகஸ்டில் முதல் அறிக்கைகள் வரத் தொடங்கின. அவற்றின் வடிவம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. கணினி நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. ஒருமுறை உறைந்தது அல்லது வரைகலைத் திரை செயலிழந்தது. மறுதொடக்கம் செய்தபோது ஈதர்நெட் காணாமல் போயிருந்தது. சிலருக்கு முதல் நாளே நேர்ந்தது. பலருக்கு நேரவே இல்லை. ஒரே மாதிரிக் கணினி இரண்டில் ஒன்று பழுதாகி மற்றொன்று தப்பிய நிலையில், எந்தச் செயல் இதைத் தூண்டுகிறது என்று சுட்டிக்காட்ட எவராலும் முடியவில்லை.

ஆய்வாளர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு சங்கடம் இருந்தது. பொதுவாக ஒரு வழுவைப் பிடிக்க, அதைத் திரும்பத் திரும்ப நிகழ்த்திப் பார்ப்பார்கள். நல்ல பதிப்புக்கும் கெட்ட பதிப்புக்கும் இடையே உள்ள மாற்றங்களைப் பாதி பாதியாகப் பிரித்துச் சோதித்து, குற்றமுள்ள ஒரே மாற்றத்தை நெருங்குவார்கள். இங்கே ஒவ்வொரு வெற்றிகரமான சோதனையும் ஓர் அட்டையைக் கெடுக்கும். என்விஎம்மின் நகலை முன்கூட்டியே எடுத்து வைத்திருந்து, அதைத் திரும்ப எழுதத் தெரிந்தவரால் மட்டுமே அடுத்த சோதனைக்குப் போக முடியும். வழு எழாமல் போனாலும் அந்தப் பதிப்பு நல்லதென்று சொல்லிவிட முடியாது. இம்முறை தப்பித்தது என்று மட்டுமே சொல்லலாம்.

சந்தேகங்கள்

முதல் சந்தேகம் இயல்பாகவே இ1000இ டிரைவரின்மேல் விழுந்தது. கெட்டது அதன் சாதனம். அந்தச் சாதனத்தின் ஃபிளாஷில் எழுதும் குறியீட்டை வைத்திருப்பதும் அந்த டிரைவர்தான்.

இரண்டாவது சந்தேகம் வரைகலைப் பக்கம் திரும்பியது. பல அறிக்கைகளில் ஈதர்நெட் மறைவதற்குச் சற்று முன்பு இன்டெல் வரைகலை டிரைவரோ திரையில் வரைகலையைக் காட்டும் எக்ஸ் சேவையகமோ செயலிழந்ததாகச் சொல்லப்பட்டிருந்தது. எக்ஸ் சேவையகம் அக்காலத்தில் பயனர் வெளியிலிருந்தே பிசிஐ சாதனங்களின் நினைவைத் தன் முகவரி வெளியில் பொருத்திக்கொண்டு நேரடியாகக் கையாண்டது. அது பக்கத்துச் சாதனத்தின் நினைவில் தவறிப்போய் எழுதியிருக்கலாம் என்று எண்ணியதில் தவறில்லை. ஆயினும் இது நேரப் பொருத்தத்தை மட்டுமே ஆதாரமாகக் கொண்ட ஊகம்.

மூன்றாவதாக ஒரு பொதுக் கருத்து இருந்தது: கர்னலில் எங்கோ ஒரு மூலையில் யாரோ தவறான முகவரியில் எழுதுகிறார்கள்; அது சில வேளைகளில் இந்தச் சன்னலில் விழுகிறது. உண்மைக்கு மிக அருகில் நின்றது இதுதான். ஆனால் 'யாரோ' என்பதை வைத்துக்கொண்டு எந்த வரியைத் திருத்துவது என்று யாராலும் சொல்ல முடியாததால், அப்போது இது விசாரணைக்கு உதவவில்லை.

முதல் முடிவு: டிரைவரை விலக்கி வைத்தல்

செப்டம்பரில் நிலைமை பொதுவெளிக்கு வந்தபோது, வழங்கல்களைத் தயாரித்தவர்கள் கையில் காரணமும் இல்லை, திருத்தமும் இல்லை. அவர்களுக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. எச்சரிக்கையை வெளியிட்டுவிட்டு, குறிப்பிட்ட அட்டை உள்ளவர்கள் சோதனைப் பதிப்பை நிறுவ வேண்டாம் என்று கேட்டுக்கொள்வது ஒன்று. டிரைவரையே கர்னலிலிருந்து நீக்கிவிடுவது மற்றொன்று. உபுண்டு தன் சோதனைக் கர்னலில் இ1000இ டிரைவரைச் செயலிழக்கச் செய்தது. ஓப்பன்சூசே, மாண்ட்ரிவா தரப்புகள் வெளிப்படையான எச்சரிக்கைகளை விடுத்தன.

டிரைவரை நீக்கினால் அந்த அட்டை உள்ளவர்களுக்கு வலையிணைப்பே இராது. சோதனைப் பதிப்பில் வலையிணைப்பு இல்லாவிட்டால் திருத்தங்களைப் பதிவிறக்கவும் இயலாது, வழு அறிக்கை அனுப்பவும் இயலாது. அவ்வாறிருந்தும் அந்த முடிவு சரியானதே என்பது என் கருத்து. இணைப்பு இல்லாத கணினிக்கு அடுத்த வாரம் இணைப்பைத் திருப்பித் தந்துவிடலாம். மேக் முகவரியையும் அமைப்பு விவரங்களையும் இழந்த அட்டைக்கு அப்படிச் செய்ய முடியாது. மேலும், டிரைவர் ஏற்றப்படாவிட்டால் அந்த ஃபிளாஷ் சன்னல் கர்னலின் முகவரி வெளியில் பொருத்தப்படுவதே இல்லை. குற்றவாளி யாராக இருந்தாலும், அவர் தவறிப்போய் எழுதும் இடம் அதுவாக இருக்க வாய்ப்பில்லாமல் போகிறது. அன்று முடிவெடுத்தவர்கள் இவ்வளவு தூரம் எண்ணிப் பார்த்தார்களோ இல்லையோ, நடவடிக்கை அந்தப் பாதுகாப்பையும் சேர்த்தே தந்தது.

இரண்டாவது முடிவு: ஃபிளாஷைப் பூட்டுதல்

இன்டெலின் டிரைவர் பராமரிப்பாளர்கள் செப்டம்பர் இறுதியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் ஒரு வரிசை பேட்ச்களை (குறியீட்டுத் திருத்தங்களை) முன்வைத்தனர். அவற்றுள் முக்கியமானது, குற்றவாளியைத் தேடாமல், குற்றம் நடக்கும் இடத்தையே பூட்டிவிடும் மாற்றம்.

ஐசிஎச் ஃபிளாஷ் கட்டுப்படுத்தியில் பாதுகாக்கப்பட்ட எல்லை ஒன்றை வரையறுக்கும் ரெஜிஸ்டர் உண்டு. அந்த எல்லைக்குள் எழுதுவதும் அழிப்பதும் தடுக்கப்படும். அதோடு, அந்த அமைப்பையே யாரும் மாற்றிவிடாதபடி உறையவைக்கும் ஒரு பூட்டுப் பிட்டும் உண்டு. அதை ஒருமுறை இட்டுவிட்டால், வன்பொருளை மீளமைக்கும்வரை எந்த மென்பொருளாலும் எடுக்க முடியாது. இட்ட டிரைவராலும் முடியாது. கணினி தொடங்கும்போதே டிரைவர் ஈதர்நெட் பகுதியை எல்லைக்குள் அடைத்து, பூட்டுப் பிட்டை இட்டுவிடுமாறு புதிய பேட்ச் செய்தது.

இதன் விலையும் சிறியதல்ல. ஈதர்நெட் அட்டைகளை அமைக்க உதவும் ஈத்டூல் கட்டளை கொண்டு என்விஎம்மில் முறையாக மாற்றம் செய்ய விரும்புவோருக்கும் கதவு அடைபட்டுப் போகும். அதற்காகவே டிரைவரின் மாட்யூலுக்கு (ஓடும் கர்னலில் ஏற்றவும் நீக்கவும் கூடிய பகுதிக்கு) ஓர் அளவுரு சேர்க்கப்பட்டது. அதைச் சுழியாக்கி டிரைவரை ஏற்றினால் பூட்டு விழாது. கொடாநிலையில் பூட்டு இடப்பட்டிருக்க வேண்டும், திறக்க விரும்புபவரே முயன்று திறக்க வேண்டும் என்ற இந்த வரிசை முக்கியமானது. அன்றாடப் பயனர்களில் என்விஎம்மை மாற்ற வேண்டிய தேவை உள்ளவர் மிகச் சிலர். இழக்க இருப்பதோ எல்லோருக்கும் ஒன்றே.

இன்னொரு பேட்ச், ஃபிளாஷ் சன்னலின் பக்கங்களை, டிரைவர் தானே எழுதும் நேரம் தவிர மற்ற நேரங்களில், வாசிக்க மட்டும் இடம்தரும் பக்கங்களாக மாற்ற முன்மொழிந்தது. இதன் அழகு வேறு வகையானது. வன்பொருள் பூட்டு தவறிய எழுத்தைச் சத்தமில்லாமல் தடுக்கும். வாசிப்பு மட்டும் உள்ள பக்கமோ, எழுத முயன்றவரைக் கையும் களவுமாகப் பிடித்து, அழைப்பு வரிசையோடு கர்னல் பதிவில் நிறுத்தும். ஒன்று காவல், மற்றொன்று பொறி. விசாரணை நடக்கும் காலத்தில் இரண்டும் தேவைப்படுகின்றன.

டிரைவரில் அகப்பட்ட வேறு வழுக்கள்

சந்தேகத்தின் பேரில் டிரைவரை வரிவரியாகப் படித்தபோது, உண்மையான குறைகளும் வெளிப்பட்டன. என்விஎம்மை அணுகும் குறியீட்டில், ஒரே நேரத்தில் இரண்டு பாதைகள் உள்ளே நுழையாமல் தடுக்கும் ஏற்பாடு போதுமானதாக இல்லை. குறுக்கீட்டைக் கையாளும் சூழலில் உறங்கக் கூடாத இடத்தில் உறங்க வாய்ப்பிருந்தது. வன்பொருளை மீளமைத்த பிறகு, மென்பொருள் உரிமையைக் குறிக்கும் கொடி சரியாக விடுவிக்கப்படவில்லை. இவற்றுக்கெல்லாம் பேட்ச்கள் எழுதப்பட்டன. அணுகலுக்கு முறையான பூட்டு சேர்க்கப்பட்டது.

விசாரணை தடம் மாறிப் போயிருக்கக்கூடிய இடம் இது. பெரிய சேதம் ஒன்று கண்முன் இருக்கும்போது, அதே குறியீட்டில் போட்டி அணுகல் வழு ஒன்று கிடைத்தால், 'கண்டுபிடித்தாயிற்று' என்று மூட்டை கட்டிவிடத் தோன்றும். வழு மெய்யானது, திருத்தமும் மெய்யானது, ஆனால் சேதத்துக்கு அது காரணம் என்பதற்குச் சான்று இல்லை. பராமரிப்பாளர்கள் அந்தத் திருத்தங்களை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் கோப்பை மூடவில்லை. இந்த நிகழ்வில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

காரணம் தெரியாமலேயே வெளியீடு

2.6.27 இறுதிப் பதிப்பு 2008 அக்டோபர் 9 அன்று வெளியிடப்பட்டது. அப்போது ஃபிளாஷ் பூட்டு உள்ளே இருந்தது. சேதத்துக்குக் காரணம் யார் என்பது இன்னும் தெரியவில்லை. பூட்டு வேலை செய்வதால் அட்டைகள் இனிக் கெடமாட்டா, வெளியீட்டைத் தாமதிக்க வேண்டியதில்லை என்ற நிலைப்பாட்டில் நியாயம் உண்டு.

ஆனால் அதில் ஓர் ஓட்டையும் உண்டு. தவறிய எழுத்து எங்கிருந்து வருகிறது என்று தெரியாத நிலையில், அது ஈதர்நெட் சன்னலில் மட்டுமே விழும் என்று எப்படிச் சொல்ல முடியும்? மற்றச் சாதனங்களின் ரெஜிஸ்டர்களும் அதே முகவரி வெளியில்தான் பொருத்தப்பட்டிருந்தன. ஈதர்நெட் கெட்டபோது கண்ணுக்குத் தெரிந்தது, ஏனெனில் அங்கே அழியாத நினைவு இருந்தது. பிற சாதனங்களில் விழுந்திருந்தால் விளக்கமில்லாத ஓர் உறைவாக மட்டும் கடந்து போயிருக்கும்.

காரணம் வெளிப்பட்டது

வெளியீட்டுக்குச் சில நாள்களுக்குப் பிறகு, இன்டெல் தரப்போடு இணைந்து ஆராய்ந்தவர்கள், மூலம் டிரைவரில் இல்லை, எஃப்ட்ரேஸில் இருக்கிறது என்ற முடிவுக்கு வந்தனர். 2.6.27இல்தான் முதன்முதலாகக் கர்னலில் சேர்க்கப்பட்ட தடமறியும் கருவி அது. ஈதர்நெட்டுக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை.

எஃப்ட்ரேஸின் வேலை முறை இது. கர்னலைத் தொகுக்கும்போது ஒரு தெரிவை இட்டால், ஜிசிசி என்ற தொகுப்பி ஒவ்வொரு செயற்கூறின் தொடக்கத்திலும் எம்கவுண்ட் என்ற செயற்கூறுக்கு ஓர் அழைப்பைச் செருகிவிடும். இதனால் எந்தச் செயற்கூறு எப்போது அழைக்கப்பட்டது என்று பின்தொடரலாம். ஆனால் தடமறியாத நேரத்திலும் இந்த அழைப்புகள் நடந்துகொண்டே இருந்தால் கர்னல் மந்தமாகும். அதைத் தவிர்க்க டைனமிக் எஃப்ட்ரேஸ் என்ற ஏற்பாடு உருவாக்கப்பட்டது. ஒரு செயற்கூறு முதன்முறை ஓடும்போது, அதன் அழைப்பு எந்த முகவரியில் இருக்கிறது என்பது ஓர் அட்டவணையில் குறித்துவைக்கப்படும். பின்னர் ஒரு பின்னணி இழை விழித்தெழுந்து, எல்லாச் செயலிகளையும் ஒரு கணம் நிறுத்திவைத்து, அந்த முகவரிகளில் உள்ள அழைப்பை ஒன்றும் செய்யாத கட்டளையாக மாற்றி எழுதும். அதாவது, ஓடிக்கொண்டிருக்கும் கர்னல் தன் குறியீட்டைத் தானே திருத்திக்கொள்ளும்.

வழு, அட்டவணையைப் பராமரித்த விதத்தில் இருந்தது. ஒரு மாட்யூல் ஏற்றப்பட்டு, அதன் செயற்கூறுகள் ஓடி, அவற்றின் முகவரிகள் அட்டவணையில் ஏறிவிடுகின்றன. பிறகு அந்த மாட்யூல் நீக்கப்படுகிறது. அப்போது அதற்குரிய முகவரிகளையும் அட்டவணையிலிருந்து நீக்கியிருக்க வேண்டும், அது செய்யப்படவில்லை. குடியிருந்தவர் காலி செய்துவிட்டார், பேரேட்டில் மட்டும் பெயர் நின்றுவிட்டது.

32 பிட் எக்ஸ்86 கணினிகளில் மாட்யூல்களின் குறியீடும் ஐஓரீமேப் பொருத்தும் சாதன நினைவும் ஒரே முகவரி வெளியைப் பகிர்ந்துகொள்கின்றன. ஆகவே மாட்யூல் காலி செய்த அதே முகவரியில், சற்றுப் பிறகு ஈதர்நெட்டின் ஃபிளாஷ் சன்னல் வந்து அமர முடியும். எஃப்ட்ரேஸின் பார்வையில் அங்கே இன்னமும் மாற்றியெழுத வேண்டிய ஓர் அழைப்பு காத்திருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு பாதுகாப்புச் சோதனை இருந்தது என்பதுதான் வேடிக்கை. எதிர்பார்த்த அழைப்புக் கட்டளை அந்த முகவரியில் உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இருந்தால் மட்டுமே எழுத வேண்டும் என்று குறியீடு அமைந்திருந்தது. அதற்குப் பயன்பட்டது எக்ஸ்86இன் ஒப்பிட்டு மாற்றும் கட்டளை. எல்லாச் செயலிகளையும் நிறுத்திவைக்காமலேயே மாற்றியெழுதலாம் என்று முதலில் முயன்ற காலத்தில் அந்தக் கட்டளை உள்ளே வந்தது. அது பல செயலிகள் உள்ள கணினியில் ஆபத்தானது என்று தெரிந்தபின், செயலிகளை நிறுத்திவைக்கும் முறைக்கு மாறினார்கள்; ஆனால் அந்தக் கட்டளையைக் கடைசிக் காவலாக அப்படியே விட்டுவைத்தார்கள்.

சாதாரண நினைவகத்தில் அது நல்ல காவலே. ஆனால் எக்ஸ்86இல் அந்தக் கட்டளை, ஒப்பீடு தோற்றாலும் எழுதும் சுழற்சியை நடத்தியே தீரும். படித்த பழைய மதிப்பையே திரும்ப எழுதிவைக்கும். உறையைப் பிரித்துப் பார்த்து, நமக்குரிய கடிதம் இல்லை என்று மீண்டும் ஒட்டி வைப்பதைப் போன்றது இது. நினைவகத்தில் அதனால் மாற்றம் எதுவும் தெரியாது. சாதன ரெஜிஸ்டரிலோ, படிப்பதும் ஒரு செயல், எழுதுவதும் ஒரு செயல். அங்கே அந்தக் கட்டளையின் விளைவு வரையறுக்கப்படவே இல்லை. தவறான இடத்தில் எழுதாமல் தடுக்க வைத்த சோதனையே, தவறான இடத்தில் எழுதியது.

இவ்வளவும் ஒன்றுகூட வேண்டியிருந்ததால்தான் வழு அத்தனை நிலையற்றுத் தோன்றியது. 32 பிட் கர்னல், டைனமிக் எஃப்ட்ரேஸ் தெரிவு, நீக்கப்பட்ட ஒரு மாட்யூல், அதன் இடத்தில் வந்தமர்ந்த ஃபிளாஷ் சன்னல் ஆகிய நான்கும் ஒரே கணினியில் கூடிவந்தால் மட்டுமே சேதம் நேரும்.

தொடர்ந்து செய்யப்பட்டவை

அக்டோபர் 15 அன்று 2.6.27.1 வெளியிடப்பட்டது, முதல் பதிப்பு வந்து 6 நாள்களே ஆகியிருந்தன. அதில் இருந்தது ஒரே ஒரு மாற்றம்: டைனமிக் எஃப்ட்ரேஸ் தெரிவு உடைந்தது என்று குறிக்கப்பட்டு, யாரும் அதை இயக்க முடியாதபடி செய்யப்பட்டது. முறையான திருத்தம் ஒருவரியில் முடியக்கூடியதல்ல. நிலைப் பதிப்புக்குள் அவ்வளவு பெரிய மாற்றத்தை அவசரமாகக் கொண்டுவருவதைவிட அணைத்துவைப்பதே பாதுகாப்பானது என்று விளக்கம் தரப்பட்டது. தன் கருவியை உடைந்தது என்று தானே குறித்து அனுப்புவது எழுதியவருக்கு எளிதாக இருந்திராது. ஆனால் விளக்கத்தில் மழுப்பல் எதுவும் இல்லை, பிழை எங்கே என்பது வெளிப்படையாகவே எழுதப்பட்டிருந்தது.

2008 டிசம்பர் இறுதியில் வந்த 2.6.28இல் எஃப்ட்ரேஸ் வேறு வடிவம் பெற்றிருந்தது. அழைப்பு முகவரிகளை ஓடும்போது கண்டறிவதற்குப் பதிலாக, தொகுக்கும்போதே பட்டியலிட்டுவைக்கும் முறை வந்தது. ஒப்பிட்டு மாற்றும் கட்டளை கைவிடப்பட்டது. எதிர்பார்த்ததற்கு மாறாக ஏதேனும் தென்பட்டால், எச்சரிக்கையைப் பதிந்துவிட்டுத் தடமறிவதையே முழுவதுமாக நிறுத்திக்கொள்ளும்படி அமைக்கப்பட்டது. முன்பு, பொருந்தாத முகவரியைச் சத்தமில்லாமல் கடந்துபோவது வழக்கமாக இருந்தது. அந்தச் சத்தமின்மைதான் வழுவை இரண்டு மாதங்களுக்கு மேல் மறைத்துவைத்தது.

கெட்டுப்போன அட்டைகளின் நிலை கலப்பானது. என்விஎம்மின் நகலை ஈத்டூல் வழியாக முன்பே எடுத்துவைத்திருந்தவர்கள் அதைத் திரும்ப எழுதிக்கொள்ள வாய்ப்பிருந்தது. இதிலும் ஒரு முடிச்சு உண்டு: கூட்டுத்தொகை பொருந்தாவிட்டால் டிரைவர் இடைமுகத்தையே காட்டாது, இடைமுகம் இல்லாவிட்டால் ஈத்டூல் எதில் எழுதும்? கூட்டுத்தொகை தவறாக இருந்தாலும் டிரைவர் எழ வழிவிடும் பேட்ச் ஒன்று முன்மொழியப்பட்டது இதற்காகத்தான். நகல் இல்லாதவர்கள் இன்டெலையோ கணினி விற்பனையாளரையோ நாட வேண்டியிருந்தது.

மீண்டும் நேர்ந்தால் மாற்ற வேண்டியவை

பின்னோக்கிப் பார்ப்பவனுக்கு எல்லாம் எளிதாகத் தெரியும் என்பதை ஒப்புக்கொண்டே இவற்றை எழுதுகிறேன்.

அறிக்கைகளைத் தொகுக்கும் படிவத்தில், கர்னல் 32 பிட்டா 64 பிட்டா என்ற கேள்வியும், தொகுப்பு அமைப்புக் கோப்பும் முதல் வரியிலேயே இருந்திருக்க வேண்டும். பாதிப்பு 32 பிட் பக்கம் மட்டுமே சாய்ந்திருக்கிறது என்று திட்டவட்டமாகத் தெரிந்திருந்தால், அந்த இரண்டு கட்டமைப்புகளுக்கும் முகவரி வெளியில் உள்ள வேறுபாட்டை நோக்கி எண்ணம் ஓடியிருக்கும். வரைகலைச் செயலிழப்பு என்ற கண்ணைப் பறிக்கும் தடயம் அத்தனை நாள் ஆட்சி செய்திருக்காது.

சோதிக்கும் ஒவ்வொரு முறையும் ஓர் அட்டையைப் பணயம் வைக்க வேண்டிய நிலையில், ஆயிரக்கணக்கான மாற்றங்களைப் பாதி பாதியாகப் பிரிப்பதற்கு முன், தொகுப்புத் தெரிவுகளைப் பிரித்துப் பார்த்திருக்கலாம். அந்தப் பதிப்பில் புதிதாக வந்த தெரிவுகளில், ஓடும் கர்னலின் நினைவைத் தானே மாற்றி எழுதுபவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. 'யாரோ தவறான இடத்தில் எழுதுகிறார்கள்' என்ற ஊகம் செப்டம்பரிலேயே மேசைமேல் இருந்தது; எழுதுவதையே தொழிலாகக் கொண்ட புதிய வரவை முதலில் அணைத்துப் பார்க்க வேண்டும் என்று யாருக்கேனும் தோன்றியிருந்தால், அக்டோபர் 9க்கு முன்பே விடை கிடைத்திருக்கக்கூடும். இறுதி வெளியீட்டில் அந்தத் தெரிவு திறந்தே இருந்ததை, காரணம் தெரியாதபோது எடுத்த முடிவு என்ற அளவில் புரிந்துகொள்கிறேன். சரியான முடிவு என்று சொல்ல மாட்டேன்.

வழங்கல்களின் சோதனைப் பதிப்பு அறிவிப்புகளில், ஈதர்நெட் என்விஎம்மை நகலெடுத்து வேறொரு கணினியில் வைத்துக்கொள்ளும் கட்டளை, எச்சரிக்கைக்கு அடுத்த வரியிலேயே இருந்திருக்கலாம். சோதனைப் பதிப்பை நிறுவுபவர் தன் கோப்புகளை இழக்கத் தயாராக வருகிறார். தன் வன்பொருளை இழக்கத் தயாராக வருவதில்லை.

மாற்றக் கூடாதது ஒன்றும் உண்டு. ஃபிளாஷ் பூட்டு, குற்றவாளி அகப்பட்ட பிறகு தேவையற்றதாகக் கருதி எடுக்கப்படவில்லை. தவறிப்போய் எழுதிய அந்தக் குறியீடு 2.6.28இலேயே மறைந்துவிட்டது, ஆனால் ஐசிஎச் வகைக் கட்டுப்படுத்திகளில் இ1000இ டிரைவர் ஏற்றப்படும்போது கொடாநிலையில் என்விஎம்மைப் பூட்டுவது தொடர்ந்தது, அந்தப் பூட்டைத் திறக்கும் அளவுருவின் விளக்க வரியில், இதை அணைத்தால் என்விஎம் சிதையக்கூடும் என்ற எச்சரிக்கையும் இடம்பெற்றது.